மாமா சொல்லாத சொல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. என் வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை, ஒரு தழும்பு சாய்வாக ஓடுகிறது. கைரேகை பார்ப்பவரிடம் நீட்டினால் ஆயுள் ரேகை எது, கயிற்று ரேகை எது என்று அவரே குழம்புவார். நான் பொய் சொல்லக்கூடிய ஆள்தான். தழும்பு அப்படி இல்லை.

இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கின் காவல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் பேருந்து விடிந்துதான். அதுவரை உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட, நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது மேல்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்லூரியை மூன்றாம் ஆண்டில் விட்டேன். அதற்கு முன்னால் நீச்சலை விட்டேன், தட்டச்சை விட்டேன். பின்னால் இரண்டு வேலைகளை விட்டேன். வீட்டில் எனக்கு 'அரைக்கிணறு' என்று பெயர். கிணற்றைத் தாண்டப் புறப்பட்டு பாதியில் விழுகிறவன். அக்கா வைத்த பெயர். அம்மா கூப்பிடுவாள், அப்பா கூப்பிடுவார், பக்கத்து வீட்டுப் பையன்கள்கூடக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் கூப்பிட்டதில்லை. அக்காவின் வீட்டுக்காரர். மாமா எப்போதும் என்னை "மாப்ள" என்றுதான் அழைப்பார்.

மாமா ஒரு மலைப் பூங்காவில் பாதைக் காவலர். பூங்கா என்றால் பூச்செடி வைத்த பூங்கா அல்ல. நாள் முழுக்க நடந்தாலும் தீராத மலை, காடு, பாறை, உச்சியில் கோடையிலும் கரையாத பனி. அக்கா அதே பூங்காவின் அடிவார அலுவலகத்தில் இருந்தாள். தொலைபேசி, வாக்கி டாக்கி, வாசல் பலகை மூன்றும் அவள் பொறுப்பு.

கோடையில் அங்கே முதல் வேலை நிலவரம் பார்ப்பது. எந்தப் பாதையில் பனி கிடக்கிறது, ஓடையில் தண்ணீர் முழங்காலா இடுப்பா, எந்தப் பாறை இளகியிருக்கிறது, இரும்பு ஏணியில் எந்தக் கம்பி ஆடுகிறது. யாராவது தினமும் ஏறிப் பார்த்துக் கீழே சொல்ல வேண்டும். அக்கா அதைப் பலகையில் எழுதுவாள், தொலைபேசியிலும் பதிந்து வைப்பாள். மலை ஏற வருகிறவர்கள் அதை நம்பித்தான் ஏறுவார்கள். அந்தக் கோடைக்கு மாமாவுக்கு ஒரு கையாள் தேவைப்பட்டது. அக்கா என்னை இழுத்துப் போட்டாள்.

"இதையாவது முழுசா பண்ணுடா அரைக்கிணறு."

"பாதி மலை ஏறினா பாதிச் சம்பளம் கிடைக்குமா?"

"பாதி மலையில நின்னா மீதி எலும்புதான் கிடைக்கும்."

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. அது தெரியாமல் இந்தக் கதை புரியாது.

நம் பேச்சில் 'வேண்டாம்', 'கூடாது', 'இல்லை' எல்லாம் வாலில்தான் வரும். மலையில் காற்று வாலைத்தான் தின்னும். வாக்கி டாக்கியும் அப்படியே. பேசி முடிக்கும் முன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் கடைசிச் சொல் போய்விடும். "போக வேண்டாம்" என்பது "போக" என்று நிற்கும். ஒரு வருடம் வாசல் பலகையிலேயே இது நடந்ததாம். 'மேல் பாதையில் போக வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள். மழை 'டா'வின் துணைக்காலை அழித்தது, எவனோ ஒரு சுழியைச் சேர்த்தான். மறுநாள் 'போக வேண்டும்' என்ற பலகைக்கு முன்னால் ஒரு குடும்பம் குழந்தைகுட்டியோடு, "இது என்ன கட்டாயமா?" என்று கேட்டுக்கொண்டு நின்றது.

அதனால் விதி இதுதான். வேண்டாததை முதலில் சொல். 'மூடல், மேல் பாதை.' 'வேணாம், ஆள்.' முன்னால் 'வேணாம்' வரவில்லையென்றால், வேண்டும் என்றே பொருள்.

கயிற்றிலும் அதே கணக்கு. ஒருவர் பாறையில் இறங்கும்போது மற்றவர் மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பார். மாமாவிடம் அதற்கு மூன்றே சொற்கள். 'கயிறு' என்றால் இன்னும் கொடு. 'இறுக்கு' என்றால் இழுத்துப் பிடி. 'சேர்ந்தாச்சு' என்றால் பத்திரமான இடத்துக்கு வந்தாயிற்று, நீ கையை எடுக்கலாம்.

'விடு' என்ற சொல் கிடையவே கிடையாது.

முன்பு ஒருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டு 'விடாத' என்று கத்தியிருக்கிறான். மேலே இருந்தவன் காதில் 'விட' வரைதான் விழுந்தது. அவன் விட்டான். மேலே இருந்தது யார், எந்த வருடம் என்றெல்லாம் மாமா சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

மாமா அந்தச் சொல்லை வீட்டில்கூடச் சொல்ல மாட்டார். அது இல்லாமல் தமிழ் பேசிப் பாருங்கள், தெரியும் கஷ்டம். ஒருநாள் சாப்பிடும்போது அவர் கையிலிருந்த தட்டை வாங்கப் போனேன்.

"விடுங்க மாமா, நான் கழுவறேன்."

அவர் முகம் ஒரு கணம் கல்லானது. அக்கா சிரித்தாள்.

"ஒம்பது வருஷமாச்சு. சண்டையில கையப் பிடிச்சு இழுத்தாக்கூட 'எடு கைய'ம்பாரே தவிர அந்த வார்த்தை வராது."

"சொன்னா நீ நெஜமாவே போயிடுவ" என்றார் மாமா.

"சொல்லிப் பாருங்க. அன்னைக்கே பெட்டியக் கட்டறேன்."

இனி அந்த நாள்.

மேல் பாதை மறுநாள் திறக்க வேண்டும். அதன் உச்சியில், கணவாய்க்குக் கீழே, ஒரு பாறை இடுக்கு. இடுக்கின் அடியில் பனி பாலம்போலக் கிடக்கும். பனிக்கு அடியில் உருகிய தண்ணீர் ஓடும். அந்தப் பாலம் ஆள் தாங்குமா என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. காலையிலேயே பார்த்திருக்க வேண்டும். வழியில் பாறை சரிந்து பாதையை அடைத்திருந்ததால் சுற்றிப் போனோம்.

சுற்று வழியில் ஒரு ஓடை. தொடை வரை தண்ணீர். கடக்கும்போது மாமா ஒன்று சொன்னார்.

"தண்ணியில விழுந்தவனக் கயித்துல இழுத்துப் பிடிக்கக் கூடாது மாப்ள. கயிறு இறுகினா அவனத் தண்ணி உள்ள அமுக்கும். மூழ்கிடுவான்."

"அப்ப என்ன பண்றது?"

"கயிறு குடுக்கணும். தாராளமா."

இதை நினைவில் வையுங்கள். நான் வைத்திருந்தேன். அதுதான் பிரச்சினையே.

கணவாய்க்கு வந்தபோது மணி மூன்றரை. வெயில் பனியை இளக்கியிருந்தது. நாளைக் காலையில் பார்க்கலாம் என்றேன். மாமா மறுப்பாகத் தலையாட்டினார்.

"காலையில ஜனம் வந்து நிக்கும். உங்க அக்கா பலகையில என்னத்த எழுதுவா? பத்து நிமிஷம். எட்டிப் பாத்துட்டு வரேன்."

பாறையில் அடித்திருந்த இரண்டு இரும்பு வளையங்களோடு என்னைக் கட்டினார். ஒரு கல்லுக்குப் பின்னால், கால்களை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தேன். என் இடுப்புப் பட்டையில் ஒரு சின்ன இரும்பு. அதன் வழியாகக் கயிறு ஓடும். வலது கையைக் கீழே அழுத்திப் பிடித்தால் நிற்கும், கையைத் திறந்தால் ஓடும். வாக்கி டாக்கியைப் பைமேல் சாய்த்து வைத்தேன். கைக்கு எட்டாத தூரத்தில். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

பிடித்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டி, கைகளை மீட்கும் வித்தை ஒன்று உண்டு. மாமா எனக்கு இரண்டு முறை கற்றுக் கொடுத்திருந்தார். மூன்றாவது முறை கற்றுக் கொடுப்பதாக இருந்தார்.

அவர் இறங்கினார். "கயிறு." கொடுத்தேன். "கயிறு." கொடுத்தேன்.

மூடுபனி வந்தது. கீழேயிருந்து, பால் பொங்குவதுபோல. முதலில் மாமாவின் ஹெல்மெட் மறைந்தது. பிறகு இடுக்கு மறைந்தது. பிறகு என் பூட்ஸுக்கு அப்பால் கயிறு ஒரு முழம் மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு வெள்ளை.

"கயிறு."

கொடுத்தேன்.

கீழே, பெரிய மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். தொப்...

கயிறு என்னைப் பிடித்து இழுத்தது. முழங்கால்கள் கல்லில் மோதின. வலது கை தானாக அழுத்தியது. கயிறு நின்றது. அதில் ஒரு ஆளின் முழு எடை.

"மாமா!"

பனி உடைந்த இடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. இதுவரை மூடியிருந்த சத்தம்.

"மாமா!"

நேரம் தெரியவில்லை. கடிகாரம் கையில், கை கயிற்றில். வாக்கி டாக்கியில் அக்கா அரை மணிக்கு ஒருமுறை கூப்பிடுவாள். அதுதான் எனக்குக் கடிகாரம்.

"மேல நெலவரம் என்ன? ஓவர்."

என்னால் பதில் சொல்ல முடியாது. பொத்தானை யார் அழுத்துவது? அவளும் பதறமாட்டாள். மூடுபனியில் அந்தப் பெட்டி அடிக்கடி செத்துப்போகும். பதில் வராவிட்டால் நாங்கள் கணவாயிலுள்ள கல் குடிசையில் தங்கிவிட்டோம் என்று எடுத்துக்கொள்வார்கள். தேடி வருவதென்றால் விடிந்துதான். விடியும்வரை என் கை தாங்காது. எனக்கு என் கையைப் பற்றி நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் முதல் முறை கேட்டது.

"விடு."

மாமாவின் குரல். சந்தேகமே இல்லை. ஆனால் கயிறு எனக்கு நேர் கீழே போகிறது. குரல் இடது பக்கத்திலிருந்து வந்தது.

எதிரொலி என்று நினைத்தேன். பாறை இடுக்கில் சத்தம் எங்கே முட்டி எங்கே வரும் என்று சொல்ல முடியாது. பிறகுதான் உறைத்தது.

மாமா அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்.

"விடு மாப்ள. தண்ணியில இருக்கேன்."

தண்ணீரில் இருக்கிறார். கயிற்றை நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன். நான்தான் அவரை மூழ்கடிக்கிறேன்... காலையில் அவரே சொன்னாரே. உயிர் போகிறபோது மனிதன் விதியைப் பார்ப்பானா? எந்தச் சொல் வாயில் வருகிறதோ அதைத்தானே கத்துவான்?

கத்துவான். ஆமாம். ஆனால் இந்தக் குரல் கத்தவில்லை.

மூச்சும் வாங்கவில்லை. பனித் தண்ணீரில் தொடை வரை இறங்கியதற்கே காலையில் என் பற்கள் தந்தியடித்தன. கழுத்து வரை கிடக்கிற மனிதன், வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தவன் மாதிரி நிதானமாகப் பேசுகிறான்.

"மாமா, 'இறுக்கு'ன்னு சொல்லுங்க. இல்லைன்னா 'கயிறு'ன்னு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

பதில் இல்லை.

பிறகு, இன்னும் கொஞ்சம் பக்கத்தில்...

"அரைக்கிணறு."

கயிற்றை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"நீ விடறவன்தானே. விடு."

மாமா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கயிற்றைக் கட்டிவிடலாம் என்று முயன்றேன். முடிச்சுக்கு விரல் வேண்டும் என்று பல்லால் கையுறையைக் கழற்றினேன். கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினேன். நழுவியது.

ஒரு முழம் ஓடியது. வெறும் உள்ளங்கையில். சதை கருகும் வாடை எனக்கே அடித்தது. அழுத்தினேன். நின்றது. இனி இந்தக் கயிற்றோடு விளையாடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இடது பக்கம் அமைதியாகிவிட்டது.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. வெள்ளை சாம்பலாக மாறியது. அக்கா இன்னும் மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது முறை அவள் குரலில் 'ஓவர்' இல்லை.

பிறகு பின்னால் கேட்டது.

சரளைக்கல்லில் காலடி.

ஒன்று... இன்னொன்று...

என் வலது பக்கம், ஒரு கை தூரத்தில், யாரோ உட்கார்ந்தார்கள். துணி பாறையில் உரசியது.

"சேர்ந்தாச்சு மாப்ள."

எனக்கு அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை, ஓரக்கண்ணில் அவருடைய நீலச் சட்டையைப் பார்த்தேன், ஹெல்மெட்டைப் பார்த்தேன், அழுதேன். ஏதோ ஒரு வழியாக ஏறி வந்துவிட்டார். சரியான சொல்லையும் சொல்லிவிட்டார். 'சேர்ந்தாச்சு' என்றால் கையை எடுக்கலாம்.

விரல்களைத் திறக்கப் போனேன்.

திறக்கவில்லை. கயிறு என்னைத் தடுத்தது.

கயிறு கம்பிபோல விறைத்து நின்றது. கீழே, நேர் கீழே, அதே எடை. துளி குறையவில்லை.

சேர்ந்தவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியானால் கயிற்றில் யார்?

நான் திரும்பவில்லை. கண்ணை மட்டும் கீழே இறக்கினேன். அவருடைய பூட்ஸ் தெரிந்தது. காலையில் இருவரும் ஒரே ஓடையில் இறங்கினோம். என் பூட்ஸ் இன்னும் நசநசத்தது.

அது காய்ந்திருந்தது. தூசியோடு.

குதிகால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தது.

டக்... டக்...

கொஞ்சம் நிறுத்தம்.

டக்... டக்...

"சேர்ந்தாச்சு. விடு."

டக்... டக்...

வாக்கி டாக்கி கரகரத்தது. அக்கா.

"யாராச்சும் இருக்கீங்களா? அவரு பத்திரமா? டேய், பதில் சொல்லு!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எழுந்து போகவில்லை. பைப் பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். வாக்கி டாக்கியில், பேசும்போது எரியும் சிவப்பு விளக்கு எரிந்தது.

"சேர்ந்தாச்சு. ஆள் அனுப்ப..."

சிவப்பு அணைந்தது.

"...வேணாம்."

எங்களில் புதிதாகச் சேர்கிறவன் செய்யும் தப்பு. பேசி முடிக்கும் முன் விரலை எடுப்பது. மாமா செய்யாத தப்பு. இதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. என் கையை மட்டும் நினைத்தேன்.

அது அப்புறம் பேசவில்லை.

உட்கார்ந்தே இருந்தது.

இருட்டிவிட்டது.

டக்... டக்...

நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடி. பிடி. பிடி.

டக்... டக்...

பிடி.

டக்...

அடுத்த டக் வரவில்லை.

கீழ்ப்பாதையில் நெற்றி விளக்குகள். நான்கு பேர். கத்தினார்கள். நானும் கத்தினேன்.

ஒருவர் என் கயிற்றைத் தன் கையில் வாங்கிக் கட்டினார். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. மற்ற மூவரும் இடுக்கில் இறங்கி மாமாவை மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. பனிக்கும் பாறைக்கும் நடுவே தொங்கியிருக்கிறார், ஒரு கால் ஊன்ற மட்டும் இடம். வலது கை இரண்டு இடத்தில் முறிவு. தாடை வீங்கி வாய் திறக்கவில்லை. காலுக்குக் கீழே ஓடிய தண்ணீர் அவரைத் தொடவேயில்லை. காலை ஓடைத் தண்ணீரில் பூட்ஸ் மட்டும் இன்னும் நசநசத்தது.

கயிற்றை வாங்கியவர் என் பக்கத்துப் பாறையில் கை ஊன்றினார். பிறகு விளக்கை அதன்மேல் காட்டினார். மூடுபனியில் மலை முழுக்க நனைந்து பளபளத்தது. அந்த ஒரு இடம் மட்டும் உலர்ந்திருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவு.

"இங்க யாருய்யா உக்காந்திருந்தது?"

நான் கழற்றிப் போட்ட கையுறையைத் தேடினேன்.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நல்லவேளை, அவரு ஆள் கேட்டாரு. கேக்கலைன்னா காலையிலதான் வந்திருப்பாங்க."

"அவர் கேட்டாரா?"

"அவரு குரல் எனக்குத் தெரியாதா? 'சேர்ந்தாச்சு, ஆள் அனுப்ப'ன்னாரு. முன்னாடி 'வேணாம்' வரல. அப்ப வேணும்னுதானே அர்த்தம்? சேர்ந்தவருக்கு ஆள் எதுக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். உனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து அனுப்பினேன்."

வாலைக் காற்று தின்றதால் ஒருவன் செத்தான். வாலைப் பொத்தான் தின்றதால் மாமா பிழைத்தார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மாமாவுக்குப் பேச்சு வந்தது. தாடைக் கட்டோடு, மெதுவாக.

"உன் பேர்ல தப்பில்ல மாப்ள. நீ சொல்லிக்கிட்டேதான் இருந்த."

"நான் என்ன சொன்னேன்?"

"'கைய எடுத்துட்டேன் மாமா, இனிமே முடியாது, முடிச்ச அவுத்துக்குங்க'ன்னு. திரும்பத் திரும்ப. நடுவுல ஒரு முழம் கீழ இறங்கினேன் பாரு, அப்பதான் நெஜமாவே எடுத்துட்டன்னு நம்பினேன். கை ஒடையாம இருந்திருந்தா, உன்னையும் இழுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு முடிச்ச அவுத்திருப்பேன்."

நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரிடம் அதைச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தது, காய்ந்த பூட்ஸ், குதிகால் சத்தம், எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாதமே மலையை விட்டேன். மாமாவுக்குக் கை சரியாக மடங்கவில்லை. அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்தார்கள்.

இன்று மாலை ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அக்கா அழைத்தாள். கிடங்கின் சுவர்கள் தடிமன், உள்ளே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். ரகசியம் பேசுவதுபோலப் பேசினாள்.

"டேய், அவரு அந்த வார்த்தையச் சொன்னாரு."

"எந்த வார்த்தை?"

"தட்டு கழுவிட்டிருந்தேன். பின்னால வந்து நின்னு, 'விடு, நான் பாத்துக்கறேன்'னாரு. சாதாரணமா."

"வாய் தவறி வந்திருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்புறமும் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. சொல்லிட்டு என் முகத்தையே பாத்தாரு."

அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ கேட்டது.

"அக்கா, அது என்ன சத்தம்?"

"எது? ஓ, அதுவா. அவர்தான். நாற்காலியில உக்காந்து குதிகாலால தட்டறாரு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்தே இந்தப் பழக்கம்."

டக்... டக்...

கொஞ்சம் நிறுத்தம்.

டக்... டக்...

கத்தினேன்.

"அக்கா, அங்க இருக்காத!"

கரகரப்பு.

"சரிடா, இருக்கேன். நீ பயப்படாத" என்றாள். இணைப்பு அறுந்தது.

வேண்டாததை முதலில் சொல். ஒரு கோடை முழுக்கக் கற்ற ஒரே பாடம். நான் வாலில் சொன்னேன்.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. அலுவலகத்துக்கு அடித்தேன். அக்காவின் பதிவுக் குரல். 'மூடல், மேல் பாதை. மூடல், பாறை இடுக்கு.' அவள் சரியாகத்தான் சொல்கிறாள். மீண்டும் வீட்டுக்கு அடித்தேன். மீண்டும். மீண்டும்.

கடைசியில் யாரோ எடுத்தார்கள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"மாமா? அக்காகிட்ட குடுங்க."

"அவ தூங்கறா, அரைக்கிணறு" என்றது மாமாவின் குரல். "விடு."